இருபத்து நான்கு லைன், எட்டுப் பேர்

ஜனவரி 5, ஞாயிறு

மன்றத்து மினிட்ஸ் புத்தகத்தில் நான் பேசியதை முழுதாக எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "ஏழாம் லைன் உறுப்பினர் அரியமுத்து எதிர்ப்புத் தெரிவித்தார்." அவ்வளவுதான். நாற்பது நிமிஷம் நின்றுகொண்டு பேசினேன். அதற்கு ஒரு வரி. ஆகவே இன்றிலிருந்து நானே எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது எடுத்துப் பார்த்தால் நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

விஷயம் இது. எங்கள் மில் காலனியில் இருபத்து நான்கு லைன். லைனுக்குப் பன்னிரண்டு வீடு. மில் மூடி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, வீடுகள் தொழிலாளர் பெயருக்கே வந்துவிட்டன. தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் பார்ப்பது காலனி மன்றம். லைனுக்கு ஓர் உறுப்பினர், ஒரு வருஷப் பதவி. ஐம்பது வருஷமாக இப்படித்தான்.

இன்று செயலாளர் செண்பகவல்லி ஒரு தீர்மானத்தை வாசித்தாள். இருபத்து நான்கு பேரை எட்டுப் பேராகக் குறைப்பது. மூன்று லைனுக்கு ஒருவர். பதவிக்காலம் ஒரு வருஷத்திலிருந்து நாலு வருஷம். பிப்ரவரி 16 அன்று வீட்டுக்கொரு ஓட்டு.

வாசித்தபோது கூடத்தில் இருந்தது ஒன்பது பேர். பதின்மூன்று பேர் இல்லாமல் கூட்டமே செல்லாது. அதைச் சொன்னேன். "அதுக்குத்தான் மாமா இந்தத் தீர்மானமே" என்றாள். மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். அதுவும் மினிட்ஸில் வரவில்லை.

ஜனவரி 6, திங்கள்

ஆட்சேபணைக் கடிதம் எழுதினேன். பதினொரு காரணம். மூன்று பிரதி. காலையில் மனைவி புஷ்பத்திடம் சட்டைப் பித்தானைத் தைத்துத் தரச் சொன்னேன். புஷ்பம் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். கடிதத்தை நடுவில் விட்டுவிட்டுப் போய்க் கோத்துக் கொடுத்தேன். ஆறாவது காரணம் மறந்துபோய், மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

ஜனவரி 9, வியாழன்

இந்த இருபத்து நான்கு எப்படி வந்தது என்று இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

1974 கோடை. காலனிக்கு ஆறு குழாய். முதல் ஷிப்டு சங்கு ஊதும்போது தண்ணீர் வரும், இரண்டாம் ஷிப்டுக்காரன் பெண்டாட்டி பிடித்து முடிப்பதற்குள் நின்றுபோகும். நிர்வாகத்திடம் பேச ஐந்து பேரை அனுப்பினோம். ஐந்து பேரும் முதல் மூன்று லைன்காரர்கள், மேஸ்திரிமார்கள். பேசிவிட்டு வந்தார்கள். முதல் மூன்று லைனுக்கு மட்டும் புதுக் குழாய் வந்தது.

அன்று சாயங்காலம் மில் கேட்டுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டில் கூடினோம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. செண்பகவல்லியின் அப்பா சண்முகையா ஒரு சைக்கிள் கேரியர் மேல் ஏறி நின்றார். சைக்கிளை நான் பிடித்துக்கொண்டேன். "குழாய்க்கு எத்தன பேரு அலையுதானோ அத்தன பேரு பேசணும். லைனுக்கு ஒருத்தன். மேஸ்திரி ரிட்டயர் ஆகுற வரைக்கும் மேஸ்திரி. நம்ம ஆளு அப்படி இருக்கக் கூடாது. வருசத்துக்கு ஒருக்கா வந்து நம்மகிட்ட கேட்டுட்டுத்தான் உக்காரணும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் சைக்கிள் சாய்ந்து, இரண்டு பேரும் விழுந்தோம். அவருக்கு முழங்கையில் காயம். ரத்தத்தோடு கைதட்டு வாங்கிய பேச்சு.

அந்த மனிதரின் மகள்தான் இப்போது எட்டுப் பேர் போதும் என்கிறாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வழக்கமாக வாசல் முழுக்கப் புள்ளிக் கோலம் இருக்கும். இந்த வருஷம் புஷ்பம் நாலு கோடு இழுத்துவிட்டு எழுந்துவிட்டாள். என்னவென்று கேட்டதற்கு, "போதும், ரெண்டு பேருக்கு எதுக்கு அம்புட்டு" என்றாள். மகன் ஓசூரிலிருந்து வரவில்லை, போனில் பேசினான். மன்ற விவகாரத்தைச் சொன்னேன். "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றான்.

பொங்கலில் உப்பு. சர்க்கரைப் பொங்கலில். அப்படியே சாப்பிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

செண்பகவல்லி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பெரிய கோப்பு. நாற்பத்தாறு வயது, ஆனால் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் அவள் அப்பாதான்.

"மாமா, ஏழு லைனுக்கு நிக்கவே ஆளில்ல. எழுபது வயசுக்குக் கீழ உறுப்பினர்னு பாத்தா நாலே பேரு. போன வருசம் பதினாறு தடவ கூட்டம் போட்டேன். கோரம் சேந்தது மூணே தடவ."

"ஆள் வரலைன்னா கூட்டிட்டு வரணும். பதவிய ஒழிச்சா?"

"எங்கேருந்து கூட்டியார? பாதி வீட்ல வாடகைக்காரங்க. பதினேழாம் லைன்ல சோலையப்பன் தாத்தா ஆக்ஸிஜன் சிலிண்டரோட வந்து உக்காந்தாரு, கோரத்துக்காக. நீங்கதான் போய்க் கூப்பிட்டுட்டு வந்தீய."

"அவரு வரணும்னு ஆசப்பட்டாரு."

"பைப் லைன் முழுசா மாத்தணும் மாமா. அறுபத்தெட்டுல போட்ட இரும்புப் பைப்பு. மூணு வருச வேல. ஒரு வருசத்துல ஒரு கூட்டம் தீர்மானம் போடும், அடுத்த வருசம் வாரவங்க மொதல்ல இருந்து கேப்பாங்க. மூணு வாட்டி இப்படி ஆயிருச்சு."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. எழுதியும் வைத்திருக்கிறேன், நாலாவது காரணம். ஆனால் அதற்குள் புஷ்பம் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்ததில் சாய்ந்து கோப்பில் கொட்டிவிட்டது. செண்பகவல்லி துடைத்துக்கொண்டே, "அத்த, கண்ணுக்கு எப்ப போறீய? நவம்பர்லயே சீட்டு குடுத்தாங்கல்லா" என்றாள்.

"பதினாறாம் தேதி முடியட்டும்னு சொல்லிருக்காக" என்றாள் புஷ்பம்.

செண்பகவல்லி என்னைப் பார்த்தாள். நான் நாலாவது காரணத்தைச் சொன்னேன். அவள் சரியாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜனவரி 22, புதன்

பதினொரு காரணத்துக்கும் பதில் வந்தது. ஒரே பக்கத்தில்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றத்துக்குப் பிறகு விளக்கக் கூட்டம். எழுபது பேர் வந்திருப்பார்கள். நான் பேசினேன். ஒரு வருஷம் என்பதுதான் இந்த மன்றத்தின் உயிர் என்றேன். நாலு வருஷம் உட்கார விட்டால் நாற்காலியே ஆளை முழுங்கிவிடும் என்றேன்.

எட்டாம் லைன் வேம்பு எழுந்தான். என்னோடு ஸ்பின்னிங்கில் இருபது வருஷம் வேலை பார்த்தவன்.

"ஓய் அரியமுத்து, நாலு வருசம் ஜாஸ்திங்கீரு. நீரு எம்பத்து மூணுல வந்து உக்காந்தீரு. இப்ப என்ன வருசம்வே?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை நின்றேன். பிறகு சொன்னேன்: "நாப்பத்திரெண்டு வருசம்தான். ஆனா நாப்பத்திரெண்டு தடவ கேட்டுட்டு உக்காந்தேன்."

கைதட்டினார்கள். வேம்புவும் தட்டினான். அவன் எட்டுப் பேருக்கு ஆதரவு; ஆனாலும் தட்டினான். அது அந்தக் காலத்துப் பழக்கம். பழைய கூட்டங்களில் எதிரி நன்றாகப் பேசினால் தட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சண்முகையா எழுப்பிவிட்டுத் தட்டச் சொல்லுவார்.

என்ன கூட்டங்கள் அவை. இரண்டாம் ஷிப்டு முடித்தவன் தலையெல்லாம் பஞ்சோடு வந்து உட்காருவான். மூன்றாம் ஷிப்டுக்குப் போக வேண்டியவன் சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருப்பான். இருபத்து நான்கு பேர் இருபத்து நான்கு விதமாகப் பேசுவார்கள். பதினொன்றாம் லைன் தாவீது பேச ஆரம்பித்தால் ஜன்னலைச் சாத்துவோம், அவ்வளவு சத்தம். முப்பது வருஷம் தறி ஓசையில் பேசிப் பழகிய தொண்டை. இருபதாம் லைன் உறுப்பினர் ரஞ்சிதம், பெண்களில் முதல் ஆள், நூல் சுற்றும் ரீலிங் பிரிவு. பேசவே மாட்டாள். கடைசியில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள், அதோடு தீர்மானம் படுத்துவிடும். எண்பத்தாறு வறட்சியில் இருபத்து நான்கு பேரும் முறை வைத்துத் தண்ணீர் லாரிக்கு முன்னால் நின்றோம். எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், எந்த வீட்டில் கிழவர் படுத்திருக்கிறார் என்று அந்தந்த லைன்காரனுக்குத் தெரியும். கேட்க வேண்டியதில்லை. எட்டுப் பேருக்கு அது தெரியுமா?

இதைக் கூட்டத்தில் சொல்ல மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. புஷ்பத்திடம் சொன்னேன். "ம்" என்றாள். அரிசியைத் தட்டில் பரப்பிக் கையால் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஓட்டு எப்படி என்று எழுதி வைக்க வேண்டும், வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். எங்களிடம் ஓட்டுச்சீட்டு கிடையாது. மில்லில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பித்தளை டோக்கன் இருந்தது. ஒரு பக்கம் மில் முத்திரை, மறுபக்கம் அவன் நம்பர். உள்ளே போகும்போது பலகையிலிருந்து எடுப்போம், வெளியே வரும்போது திரும்ப மாட்டுவோம். மில் மூடிய அன்று எல்லாரும் டோக்கனைத் திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டோம். அதுதான் இப்போது ஓட்டு. வீட்டுக்கு ஒன்று. வேண்டும் என்றால் செம்புக் குடம், வேண்டாம் என்றால் பித்தளைக் குடம். குடங்கள் சாக்குத் திரைக்குப் பின்னால் இருக்கும். எண்ணுகிறவர்கள் முத்திரைப் பக்கம் மட்டும் மேலே தெரியும்படி அடுக்கி எண்ண வேண்டும். நம்பரைப் பார்க்கக் கூடாது. எண்ணியதும் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, பிறகுதான் நம்பர் சொல்லித் திருப்பிக் கொடுப்போம்.

விதிகள் எல்லாம் நான் எழுதியவை. 1983இல் என்னை முதல் முறை தேர்ந்தெடுத்ததும் முதல் வேலையாக உட்கார்ந்து எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். யூனியன் ஆபீஸில் ஒதுக்கிப்போட்ட சட்டப் புத்தகங்களை அகராதி வைத்துப் படித்து, முப்பத்தோரு விதி. இன்றுவரை ஒரு விதியிலும் ஓட்டை கண்டுபிடித்தவன் கிடையாது. அடிப்படை விதியை மாற்ற வேண்டுமானால் மொத்த வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வந்தவர்களில் அல்ல, மொத்தத்தில். இருநூற்று எண்பத்தெட்டில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அவ்வளவு டோக்கனை அவளால் சேர்க்க முடியாது.

பிப்ரவரி 8, சனி

எங்கள் லைனில் வீடுவீடாகப் போனேன். மூன்றாம் நம்பர் வீட்டில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். வீட்டுக்காரர் மகள், கல்யாணமாகிப் போய்த் திரும்பி வந்து இரண்டு வருஷமாக இருக்கிறாளாம். "நீங்கதான் நம்ம லைன் உறுப்பினரா தாத்தா? நான் லைட்டு ரிப்பேருக்கெல்லாம் செண்பகம் அக்காட்டத்தான் சொல்லுவேன்" என்றாள். விளக்கிச் சொன்னேன். தலையாட்டினாள்.

ஒன்பதாம் நம்பரில் செல்வமணி, "உங்களுக்கு வயசாயிட்டு அண்ணாச்சி, வீட்ல அக்காவப் பாத்துக்கிட்டு இருக்கலாம்லா" என்றான். அவன் என்றுமே கொஞ்சம் மரியாதை தெரியாதவன்.

மதியம் வீட்டுக்கு வந்து, பதினோரு வீட்டிலும் கேட்டுவிட்டேன், ஆறு நிச்சயம் என்று புஷ்பத்திடம் சொன்னேன்.

"பதினொண்ணா? லைன்ல பன்னெண்டு வீடுல்லா" என்றாள்.

அவளுக்கு எண்ணிக்கையில் எப்போதும் இப்படித்தான். பன்னிரண்டாவது எங்கள் வீடு. அதைக் கேட்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 12, புதன்

கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன். புஷ்பத்தின் ஆபரேஷனுக்கு நவம்பர் 20 என்று கொடுத்த தேதி, டிசம்பருக்குத் தள்ளியது, ஜனவரிக்குத் தள்ளியது, இனியும் தள்ளினால் சீட்டு ரத்து என்று ஒரு பெண் சொன்னாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். கூட யாராவது ஒருவர் இருக்க வேண்டுமாம். நான்தான் இருக்க வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்.

சாயங்காலம் பதின்மூன்று, பதினான்காம் லைன்கள். கால் வலி.

பிப்ரவரி 15, சனி

எண்ணுகிறவர்களாக மூன்று பேர். ஆதரவுப் பக்கம் வேம்பு, எதிர்ப்புப் பக்கம் நான், பொதுவில் பதினைந்தாம் லைன் மரியசூசை. எண்ணுகிறவன் கை அதற்கு முன் குடத்துக்குள் போகக் கூடாது. ஆகையால் அவன் வீட்டு டோக்கனை வீட்டில் இன்னொருவர் வந்து போட வேண்டும். அதற்கு அவன் எழுதிய அதிகாரக் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். விதி பதினான்கு. மற்ற இருவரிடமும் கடிதம் வாங்கிக் கோப்பில் வைத்தேன்.

என் கணக்கு: ஆதரவு நூற்று எழுபதைத் தாண்டாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இருநூற்று அறுபத்து மூன்று டோக்கன் விழுந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு விழுந்ததில்லை. மதுரையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் அப்பாவின் டோக்கனைக் கொண்டுவந்தார்கள். ஒருவன் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தான். தாவீதின் பேரன் டோக்கனைக் காட்டி, "தாத்தா வாசம் அடிக்குது" என்றான். மோந்து பார்த்தேன். எண்ணெயும் பஞ்சும். பொய்யில்லை.

சோலையப்பனை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். திரைக்குப் பின்னால் போய் வெகுநேரம் வரவில்லை. வேம்பு, "பாட்டா, ரெண்டு குடந்தான் இருக்கு, மூணாவது தேடாதேயும்" என்று குரல் கொடுத்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு கூடம் கூடமாக இருந்தது. இப்படி வருகிறவர்கள் கூட்டத்துக்கும் வந்திருந்தால் இந்தத் தீர்மானமே வந்திருக்காது.

பதினொரு மணிவாக்கில் புஷ்பம் வந்தாள். காலையில் டோக்கனை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, சொல்ல என்ன இருக்கிறது. வாசல்படியில் கால் தடவி ஏறினாள். செண்பகவல்லி கையைப் பிடித்துத் திரைக்குள் கூட்டிப்போனாள். நான் அந்த நேரத்தில் பத்தாம் லைன் ரிஜிஸ்டரில் ஒரு பெயர்த் தகராறைத் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு எண்ண ஆரம்பித்தோம். முத்திரைப் பக்கம் மேலே, பத்துப் பத்தாக அடுக்கு. பித்தளைக் குடம் எழுபத்தொன்று. அடுத்தது செம்புக் குடம். பதினாறாவது அடுக்கை அடுக்கும்போது ஒரு டோக்கன் அடுக்கில் சரியாக உட்காரவில்லை, ஓரம் நசுங்கியிருந்தது.

1971இல் இரண்டாம் நம்பர் நூற்புப் பிரேமில் பெல்ட் மாற்றும்போது என் டோக்கன் இடுப்பிலிருந்து விழுந்து, சக்கரத்தில் மாட்டி நசுங்கியது. நம்பர் பார்க்க வேண்டியதில்லை. விரலுக்குத் தெரியும்.

"என்னவே, நின்னுட்டீரு?" என்றான் வேம்பு.

"ஒண்ணுமில்ல" என்று அடுக்கினேன்.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மறுபடி எண்ணச் சொன்னேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. கலக்கிக் கொட்டித் திருப்பிக் கொடுத்தோம். என் நம்பரை மரியசூசை சொன்னபோது நானே போய் வாங்கிக்கொண்டேன்.

ஆட்சேபணை இருந்தால் புதன் மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் தர வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

புஷ்பத்துக்குக் கண் சரியாகத் தெரியாது. செம்பும் பித்தளையும் அந்த வெளிச்சத்தில் ஒரே நிறம். யாரும் குழம்புவார்கள்.

மதியம் சோறு வைக்கும்போது குழம்புச் சட்டியைத் தேடி அவள் கை நடந்ததைப் பார்த்தேன். முதலில் அடுப்பு, பிறகு மேடை, பிறகு சட்டி. எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை.

பிற்பகலில் விதிப் புத்தகத்தைப் புரட்டியபோது பதினான்காம் விதிக்கு வந்தேன். என் கடிதம் கோப்பில் இல்லை. வேம்பு கடிதம் இருக்கிறது, மரியசூசை கடிதம் இருக்கிறது. அவர்களிடம் கேட்டு வாங்கியவன் நான். என்னுடையதை நான் எழுதவே இல்லை.

கடிதம் இல்லாத டோக்கன் செல்லாது. செல்லாத டோக்கன் எந்தக் குடத்தில் விழுந்தது என்று தெரியாவிட்டால் ஜெயித்த பக்கத்தில் ஒன்று கழிக்க வேண்டும். விதி பதினைந்து. நூற்றுத் தொண்ணூற்றொன்று. தீர்மானம் தோற்றது.

எந்தக் குடத்தில் விழுந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கடிதம் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதிவிட்டேன். சட்டைப் பையில் இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். நேரடியாகக் கேட்கவில்லை.

"ரெண்டு குடமும் ஒண்ணு போல இருந்துச்சுன்னு நெறய பேரு சொல்லுதாங்க" என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எனக்குக் கொழப்பம் ஒண்ணும் இல்ல. செண்பகம் புள்ளட்டக் கேட்டேன். எங்கையப் பிடிச்சு ரெண்டு குடத்து வாயிலயும் வச்சு, இது வேணும், இது வேண்டாம்னு சொன்னா. அப்புறம் அவள வெளிய போகச் சொல்லிட்டுத்தான் போட்டேன்."

"அப்ப எதுல..."

"யாரு எதுல போட்டான்னு கேக்கக் கூடாது. புருசன் பொண்டாட்டியும் கேக்கக் கூடாது. நீங்கதான எழுதுனீய?"

விதி பதினெட்டு. வாசகத்தை அப்படியே சொல்கிறாள். நான் எழுதும் காலத்தில் ஒவ்வொரு விதியையும் சத்தமாக வாசித்துத் திருத்துவேன். அவள் அப்போது மகனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருப்பாள். கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

அந்த வீடு, அந்தத் தொட்டில் ஓசை, நடுவில் நான் வாசிக்கும் குரல். இரண்டு மாசம் எழுதினேன். எழுதி முடித்த அன்று சண்முகையா வந்து முழுதும் வாசித்துவிட்டு, "எந்த லைன்லயும் எந்த வீடும் விட்டுப்போகலியே" என்று கேட்டார். விட்டுப்போகவில்லை என்றேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

பிப்ரவரி 19, புதன்

நாலு மணிக்கு மன்ற ஆபீஸ் போனேன். செண்பகவல்லி தனியாக இருந்தாள். நான் பையில் கை விடுவதற்குள் அவளே கோப்பைத் திறந்தாள்.

"மாமா, ஒங்க லெட்டர் கோப்புல இல்ல. முடிவ எழுதி ஒட்டணும்னு எல்லாத் தாளையும் சரிபாத்தேன், அப்பத்தான் தெரிஞ்சது."

கையைச் சட்டைப் பையிலிருந்து விலக்கிக்கொண்டேன்.

"எழுதி வீட்ல வச்சிட்டு வந்துட்டீயளோ? இருந்தா அஞ்சு மணிக்குள்ள குடுங்க. எழுதவே இல்லன்னா அதையும் சொல்லிருங்க. நூத்தித் தொண்ணூத்தொண்ணுன்னு நானே எழுதி ஒட்டிருதேன். ஒளிக்க மாட்டேன்."

"தோத்துப்போகுமே."

"போகும். அப்பா இருந்தா அப்படித்தான் ஒட்டச் சொல்லுவாரு."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஒன்றரை மாசம் வீடுவீடாக அலைந்திருக்கிறாள். சொல்லியிருந்தால் முடிந்தது. இல்லை என்று ஒரே ஒரு சொல். இருபத்து நான்கு இருபத்து நான்காகவே இருந்திருக்கும். என் நாற்காலி, ரஞ்சிதத்தின் நாற்காலி, தாவீதின் நாற்காலி எல்லாம் அங்கேயே இருந்திருக்கும். எட்டுப் பேர் என்பது தப்பு என்று நான் இப்போதும் சொல்கிறேன். மூன்று லைனுக்கு ஒருவன் என்றால் நடுலைன்காரன்தான் வருவான், பார்த்துக்கொண்டே இருங்கள். நாலு வருஷம் அவனை யாரும் கேட்க முடியாது. என் பதினொரு காரணத்தில் ஒன்றைக்கூட நான் வாபஸ் வாங்கவில்லை.

"வீட்ல இருக்கு. கொண்டாரேன்" என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன். எண்ணும் பணியில் இருப்பதால் என் வீட்டு டோக்கனை என் மனைவி தங்கபுஷ்பம் என் சார்பில் போடலாம். வழக்கமான வாசகம். நான் வகுத்த வாசகம். வாசித்துப் பார்த்தேன். அது பொய். கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். என் வீட்டு டோக்கனை என் மனைவி தங்கபுஷ்பம் தன் விருப்பப்படி போடலாம். தேதி, பிப்ரவரி 16. நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் முன்தேதி போட்ட காகிதம் இது ஒன்றுதான்.

போடுகிறவரும் கையெழுத்திட வேண்டும். கூப்பிட்டேன். துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் விரலைப் பிடித்துக் கோடு இருந்த இடத்தில் வைத்தேன்.

"என்ன தாளு இது? எனக்கு எழுத்துத் தெரியல, வாசிங்க."

வாசித்தேன். மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிற்று, ஆனால் பெயர் முழுதாக இருந்தது.

"தேதி பதினாறுன்னு வாசிச்சீய. இன்னைக்குப் பத்தொம்போதுல்லா?"

"ஆமா."

தாளை என் பக்கம் தள்ளவில்லை. அதன்மேலேயே கை வைத்திருந்தாள்.

"இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.

ஐந்து மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. ஆபீஸுக்கு என் காலால் எட்டு நிமிஷம். இன்னொரு தடவை வாசித்தேன்.